பீட்டா லைராவில் தெரிந்த இரண்டு புள்ளிகள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். 70 மி.மீ. டெலஸ்கோப் வைத்திருக்கிறேன். ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் வாயுவை இழுத்துக்கொள்ளும் ஜோடிகளில் பீட்டா லைராவும் ஒன்று என்று படித்துவிட்டுப் பார்த்தேன். பிரகாசமாக ஒன்று, மங்கலாக ஒன்று என இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அந்த ஜோடி இதுதானா? நடுவில் வாயு ஓடுவதைப் பார்க்க எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வாங்க வேண்டும்?

பதில்: இது அந்த ஜோடி இல்லை. ஆனால் சரியான நட்சத்திரத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். மங்கலாகத் தெரிந்தது சுமார் 46 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு) தள்ளி நிற்கும் வேறொரு நட்சத்திரம். நீங்கள் தேடும் ஜோடி அந்தப் பிரகாசமான புள்ளிக்குள்ளேயே இருக்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு ஆர்க்செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இடைவெளி. காவலூரில் உள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் பார்த்தாலும் அது ஒரே புள்ளிதான். அமெரிக்காவின் மவுன்ட் வில்சனில் பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து எடுத்து 2008-இல் வெளியிட்ட படத்திலேயே இரண்டு மங்கல் திட்டுகள்தான் தெரிந்தன. அதனால் பெரிய டெலஸ்கோப் வாங்க வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

வாயு ஓடுவதைப் பார்க்க முடியாது. அது ஓடுவதால் என்ன ஆகிறது என்பதை மொட்டை மாடியில் நின்று வெறும் கண்ணாலேயே அளக்கலாம். எனக்கு இந்த நட்சத்திரத்தின் மேல் இருக்கும் பிரியமே அதனால்தான்.

அடுத்தடுத்த இரண்டு ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிரம்பினால் மிகுந்த தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். நெருங்கிச் சுற்றும் நட்சத்திரங்களுக்கும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரை உண்டு. வயதாகி ஊதிய நட்சத்திரம் அந்தக் கரையைத் தொட்டதும், இருவரின் ஈர்ப்பும் சமன்படும் இடம் கலங்கலாகிறது. பீட்டா லைராவில் கொடுப்பவரின் நிறை இப்போது சூரியனைப் போல் சுமார் 3 மடங்கு, வாங்குபவருக்குச் சுமார் 13 மடங்கு. முன்பு கொடுப்பவர்தான் கனமானவர். வாங்குபவரைச் சுற்றி வாயு தடித்த வட்டாகச் சேர்ந்து அவரையே மறைத்துவிட்டது.

இலேசானது கனமானதற்குக் கொடுத்துக்கொண்டே போனால் இருவருக்கும் இடையே தூரம் கூடும், சுற்றும் நேரமும் நீளும். இப்போது ஒரு சுற்றுக்கு 12.94 நாள். இது ஆண்டுக்குச் சுமார் 19 விநாடி நீள்கிறது. 19 விநாடி ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றின் தாமதமும் அடுத்ததோடு சேர்ந்துகொண்டே போகும். இன்றைய கணக்கை மாற்றாமல் வைத்திருந்தால், பத்து வருடம் கழித்து, ஒன்றை ஒன்று மறைப்பதால் நட்சத்திரம் மங்கும் நேரம் ஏழு மணி நேரத்துக்கும் மேல் பிந்தியிருக்கும். ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர் இங்கிலாந்தில் இதன் ஒளிமாற்றத்தைக் கண்டறிந்தது 1784-இல். உங்கள் குறிப்பும் அந்தத் தொடரில் சேரும்.

செய்முறை இதுதான். யாழ் (லைரா) மண்டலத்தில் அபிஜித் (வேகா) என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்குத் தெற்கே பீட்டாவும் காமாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காமாவின் ஒளித்தரம் 3.2, ஓமிக்ரான் ஹெர்குலிஸ் 3.8, கப்பா லைரா 4.3. எண் கூடினால் ஒளி குறைவு. பீட்டா 3.3-க்கும் 4.4-க்கும் நடுவே ஏறி இறங்கும். ஓர் இரவு அது காமாவைவிடச் சற்று மங்கலாக, ஓமிக்ரானைவிட நன்றாகப் பிரகாசமாகத் தெரிகிறது என்று வையுங்கள். இருவருக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு தூரம் இறங்கியிருப்பதாக மனதில் பட்டால் 3.4. தேதி, மணி, 3.4 என்று நோட்டில் எழுதுங்கள், அவ்வளவுதான். முந்தைய நாள் எழுதியதைப் பார்க்காமல் எழுதுங்கள். பார்த்துவிட்டால் கண் அதையே தேடும். அப்புறம், தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையாகப் பாருங்கள், கால் மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு அளவெடுங்கள்.

ஒரு பருவத்தில் முப்பது நாற்பது அளவுகள் சேர்ந்தால் 12.94 நாளுக்கு மடித்து, அதாவது எல்லா அளவுகளையும் ஒரே சுற்றின் மேல் அடுக்கி, வரைபடம் போடலாம். பெரிய பள்ளம் ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு தெரியும். கொடுக்கும் நட்சத்திரம் மற்றதன் இழுப்பில் உருண்டை குலைந்து நீண்டிருப்பதால் ஒளி எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மங்கும் வேளை பகலில் வந்தாலும் நஷ்டமில்லை.

நம் ஊரில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை மாலையில் வடக்கே நல்ல உயரத்தில் இருக்கும். மேகம் வரத்தான் செய்யும். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீலுக்கு ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. அடுத்த வாய்ப்பு 105 வருடம் கழித்து. உங்களுக்குப் பதின்மூன்று நாள் பொறுத்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் பெர்சியஸ் மண்டலத்தில் உள்ள அல்கோல் என்ற நட்சத்திரத்தைப் பாருங்கள். அதுவும் இதே மாதிரி கைமாறிய ஜோடிதான். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1-லிருந்து 3.4-க்கு மங்கும். கிரகணம் மொத்தம் சுமார் பத்து மணி நேரம். பள்ளத்தின் அடி ஒருநாள் நள்ளிரவு 1 மணிக்கு வந்தால், அடுத்தது இரவு 9.49, அதற்கடுத்தது மாலை 6.38. ஒப்பிட எப்சிலான் பெர்சியையும் (2.9) முக்கோண மண்டலத்தின் ஆல்ஃபாவையும் (3.4) எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ரோ பெர்சியோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், அதுவும் ஒளி மாறுகிற நட்சத்திரம்.