பெக்கும் புத்தகமும் ஒரே நேரத்தில் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 69. கடையை மகனிடம் விட்டாயிற்று. தினமும் மாலையில் இரண்டு பெக் ரம். அப்பா சேர்த்த தமிழ்ப் புத்தகங்களையும் என்னுடையதையும் அந்த நேரத்தில்தான் அடுக்க உட்காருகிறேன். ஓர் அலமாரிகூட முடியவில்லை. இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத ரம்மைக் குறைக்கச் சொல்கிறாள் மகள். வயதான காலத்தில் இந்தச் சுகமும் கூடாதா? புத்தகங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?
– பெயர் வேண்டாம், ரங்கூன்

பதில்: உங்கள் மகள் பக்கம்தான் நான். இத்தனை வருஷம் தாங்கியது உங்களுடைய நாற்பது வயது உடம்பு. வயது ஏற ஏறத் தசை குறைகிறது, உடம்பிலுள்ள நீரும் குறைகிறது. அதனால் அதே இரண்டு பெக், ரத்தத்தில் முன்பைவிடக் கூடுதலாக ஏறும். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பீர்கள். வரும், பின்னிரவில் கலைந்துவிடும். பிரஷர், சர்க்கரை, தூக்க மாத்திரை ஏதாவது எடுப்பவரானால் ஆபத்து இன்னும் அதிகம். லிஃப்ட் இல்லாத நம் ஊர்க் கட்டடங்களின் செங்குத்தான படிகளையும் நினைத்துப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 60 மில்லி பெக் என்றால் வாரத்துக்கு 840 மில்லி. ஒரு முழு பாட்டிலைத் தாண்டுகிறது. 40 சதவீத ரம்மில் அது சுமார் 265 கிராம் ஆல்கஹால். பிரிட்டன் மருத்துவர்கள் பெரியவர்களுக்கு வாரம் 112 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக நாளைக்கே பாட்டிலைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. ஒருநாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா? அப்படியானால் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அந்தத் தொல்லை இல்லையென்றால் கண்ணளவை விட்டுவிட்டு மருந்து மூடியால் 30 மில்லி அளந்து ஊற்றுங்கள். சாப்பிட்ட பிறகு குடியுங்கள். வாரத்தில் மூன்று நாள் பாட்டிலைத் தொடாதீர்கள்.

அப்புறம், புத்தக வேலையைக் காலைக்கு மாற்றுங்கள். கையில் கிளாஸ் இருக்கும்போது எடுத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்துவிடுவோம். அது நல்ல பொழுதுதான், ஆனால் அலமாரி அப்படியே கிடக்கும்.

மழைக்கு முன்னால் தொடங்குங்கள். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சான் முடிந்து மே வந்துவிட்டால் அக்டோபர் வரை ரங்கூன் ஈரம் காகிதத்தை விடாது. பூஞ்சை பிடித்ததையும் பூச்சி அரித்ததையும் முதலில் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் மற்றவற்றுக்கும் பரவும். கடும் வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை கறையாகி நிற்கும். இனத்துக்கு ஓர் அடுக்கு, அதற்குள் ஆசிரியர் பெயர் வரிசை – இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். நூலகவியலுக்கே இலக்கணம் எழுதிய சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வீட்டுக்கு அது போதும். அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கட்டும். இந்த வயதில் ஸ்டூலில் ஏறாதீர்கள், பேரனை ஏறச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. உங்களுக்குப் பிறகு அந்தப் புத்தகங்களை யார் படிப்பார்கள்? நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச்சோடு சரி, எழுத்து பர்மிய எழுத்துதான். 1942இல் ஜப்பான்காரன் படையெடுத்தபோது இந்தியாவுக்கு நடந்தே போனவர்களும், 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலேறியவர்களும் விட்டுப்போனதை, இங்கேயே தங்கியவர்கள்தான் காப்பாற்றினார்கள். அது பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு. பக்கத்தில் இது என்ன புத்தகம், யார் வாங்கியது என்று பர்மிய மொழியில் ஒரு வரி. உங்களுக்குக் கை வராவிட்டால் பேத்தி எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள். அப்பாவின் கையெழுத்துள்ள பக்கங்களைப் போனில் படமெடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள். இந்த வேலையை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. இதற்குத் தெளிந்த தலை வேண்டும், ஐயா.

முன்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ ரங்கூன் அச்சகம் என்று போட்டிருந்தால் அதைத் தனி அடுக்கில் வையுங்கள். தமிழ்நாட்டில் அச்சானதற்கு வேறு பிரதி கிடைக்கலாம். இங்கே அச்சானதற்கு உங்களிடம் உள்ளதே கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும். அவற்றின் தலைப்பு, அச்சகம், ஆண்டு மூன்றையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.