தெருவைப் பார்த்து நிற்கும் அடக்கத்தலம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கெய்ரோவுக்குச் சென்று வந்த உறவினர் ஒருவர் சில படங்களைக் காட்டினார். மதரஸா, மருத்துவமனை, சுல்தானின் அடக்கத்தலம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. இவை இறைவனுக்காகக் கட்டப்பட்டவையா, அரசரின் பெருமைக்காகவா?

பதில்: இரண்டுக்காகவும்தான். எகிப்தை 1250 முதல் 1517 வரை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கதை தெரிந்தால் அதன் காரணம் விளங்கும். 'மம்லூக்' என்ற அரபுச் சொல்லுக்கு உடைமையாக்கப்பட்டவர் என்று பொருள். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து பெரும்பாலும் சிறுவர்களாக விலைக்கு வாங்கப்பட்டு, இஸ்லாத்தில் வளர்க்கப்பட்டு, குதிரைப்படை வீரர்களாகி, இறுதியில் அரியணையையே கைப்பற்றியவர்கள் அவர்கள். ஆயிரம் தீனாருக்கு வாங்கப்பட்டதால் 'அல்ஃபீ' என்று அழைக்கப்பட்ட கலாவூன் 1279-இல் சுல்தான் ஆனபோது, குலப்பெருமை என்று சொல்லிக்கொள்ள அவரிடம் எதுவும் இல்லை. மார்க்கத்தின் காவலர் என்ற பெயரைத்தான் அவர் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனியுங்கள். 1171 வரை ஆண்ட ஷியா பிரிவைச் சேர்ந்த ஃபாத்திமிய கலீஃபாக்களின் இரண்டு அரண்மனைகள் எதிரெதிரே நின்ற தெரு அது. 'இரு அரண்மனைகளுக்கு நடுவே' என்பதே அதன் பெயர். மேற்கு அரண்மனை இருந்த நிலத்தில், 1284-85-இல், ஏறத்தாழ 13 மாதங்களில் கலாவூனின் வளாகம் எழுந்தது. அடக்கத்தலமும் மதரஸாவும் தெருவை ஒட்டி நிற்க, ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இலவச சிகிச்சை அளித்த மருத்துவமனை அவற்றின் பின்னால், இரண்டுக்கும் இடையிலான நீண்ட நடைவழியின் முடிவில் இருந்தது. சுல்தானின் பட்டங்களைப் பொறித்த எழுத்துப் பட்டை முகப்பு நெடுக ஓடுகிறது. அடக்கத்தலத்தின் ஜன்னல்களில் அமர்ந்து குர்ஆன் ஓதியவர்களின் குரல், கடைவீதியில் போகிறவர்களின் காதில் விழுந்தது. கேட்டவர்கள் அடங்கியிருப்பவருக்காக துஆ (பிரார்த்தனை) செய்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. அதிகாரத்தின் விளம்பரமும் மறுமையைப் பற்றிய உண்மையான அச்சமும் அந்த ஒரே ஜன்னலில் இருந்தன என்றே நான் கருதுகிறேன்.

அக்காலத்து மக்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. இடம் பறிக்கப்பட்டதையும் கட்டாய வேலை வாங்கப்பட்டதையும் காரணம் காட்டி, அங்கே தொழுவது சரிதானா என்று மார்க்க அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பியதை 15-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்ரீஸி பதிவு செய்திருக்கிறார். மருத்துவமனையோ பல நூற்றாண்டுகள் நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

கேள்வி: இவ்வளவு பெரிய நிறுவனங்களைத் தொடர்ந்து நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: வக்ஃப் எனும் அறக்கொடைச் சொத்திலிருந்து. கடைகள், குளியல் கூடங்கள், விளைநிலங்கள் ஆகியவற்றின் வருமானத்தை நிரந்தரமாக எழுதிவைத்து, ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஓதுபவருக்கும் எவ்வளவு என்பது வரை பத்திரத்தில் குறித்தார்கள். இதில் குடும்ப நலனும் கலந்திருந்தது. மம்லூக் அமீருக்கு, அதாவது படைத் தளபதிக்கு, கிடைத்த நில வருவாய் அவர் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையாகச் செல்லாது. சேர்த்த செல்வமும் எந்த நேரத்திலும் பறிமுதலாகலாம். வக்ஃபாக எழுதிவிட்டால் சொத்துக்கு மார்க்கச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. பிள்ளைகளை நிர்வாகிகளாக நியமித்து, மிச்ச வருமானத்தை அவர்களுக்கே ஒதுக்கவும் முடிந்தது.

கேள்வி: மம்லூக் சுல்தான் ஹசனின் பள்ளிவாசல் கெய்ரோ கோட்டைக்கு நேர் எதிரே அவ்வளவு உயரமாகக் கட்டப்பட்டது ஏன்?

பதில்: அரசு நடந்த கோட்டையிலிருந்து எப்போதும் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. 1356-இல் வேலை தொடங்கியது. 1348-இல் வந்த கொள்ளைநோயில் வாரிசின்றி இறந்தவர்களின் சொத்துகள் கருவூலத்துக்குப் போயிருந்ததால், நாடு நலிந்திருந்த வேளையிலும் சுல்தானால் இப்படிச் செலவழிக்க முடிந்தது. சுன்னத் ஜமாஅத்தின் நான்கு மத்ஹபுகளுக்கும் (மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்கும்) தனித்தனி மதரஸாக்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்தன. அடக்கத்தலம், தொழும் திசையைக் காட்டும் கிப்லா சுவருக்குப் பின்னால், கோட்டையை நோக்கி வைக்கப்பட்டது. ஆகவே தொழுபவர்கள் மக்காவை நோக்கி நிற்கும்போது சுல்தானின் கல்லறையும் அதே திசையில் இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் துணிச்சல் மிகுந்ததாகவே தோன்றுகிறது.

1361-இல் வாயிலின் மேல் எழுப்பிய மினாரா (பள்ளிவாசல் கோபுரம்) இடிந்து விழுந்து சுமார் 300 பேர் இறந்தார்கள். சில வாரங்களில் ஹசன் தம் அமீர் ஒருவராலேயே வீழ்த்தப்பட்டார். அவர் உடல் அந்த அடக்கத்தலத்துக்கு வந்து சேரவே இல்லை. கோட்டையைப் பார்க்கக் கட்டிய உயரமே பின்னர் கோட்டைக்கு ஆபத்தாக முடிந்தது: கலகக்காரர்கள் கூரைமேல் ஏறித் தாக்கியதால், சுல்தான் பர்கூக் மினாராக்களுக்குச் செல்லும் படிகளை இடிக்கச் செய்தார். அடுத்த நூற்றாண்டில் சுல்தான் முஅய்யத் ஷேக், வக்ஃபுச் சொத்தை விற்கக் கூடாது என்ற விதி இருந்தும், ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அதன் பெரிய வெண்கலக் கதவைக் கழற்றிச் சென்றார். கெய்ரோவின் பழைய நகர வாயிலான ஸுவைலா வாயிலை ஒட்டி அவர் கட்டிய பள்ளிவாசலின் நுழைவாயிலில்தான் அந்தக் கதவு இன்றும் இருக்கிறது.