பழைய ஃபோர்டு ஐகான் காருக்கு எந்தக் காயில்ஓவர்?

காரைக்குடிப் பக்கம் ஐகான் 1.6 ஓட்டுறீங்க, வளைவுல சாயக்கூடாது, வேகத்தடையில அடியும் தட்டக்கூடாது, அதுக்கு எந்தக் காயில்ஓவர் (ஷாக்கும் அதைச் சுத்தின ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரம் மாத்தக்கூடிய செட்) போடலாம்னு கேட்டிருக்கீங்க. அப்ப வண்டியோட உயரத்தைக் குறைக்கிற ஆசையை விட்டுடுங்க அண்ணே.

ஸ்பிரிங் உக்கார்ற தட்டை இறக்கி உயரம் குறைக்கிற மலிவு செட்ல ஷாக் அமுங்குற தூரம் சுருங்கிடும். கானாடுகாத்தான் தெரு வேகத்தடையில பம்ப் ஸ்டாப்ல (ஷாக் முழுசா அமுங்காம தடுக்கிற ரப்பர்ல) டொம்முனு உக்காரும். ஷாக்கோட கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரம் மாத்துற வகை, டேம்பிங் க்ளிக் (ஆட்டத்தை அடக்குற அளவை படிப்படியா மாத்துற திருகு) தனியா இருக்கிறதா பாருங்க. தட்டை இறுக்கினா ஸ்பிரிங் விறைப்பாகும்னு எந்த மெக்கானிக் சொன்னாலும் நம்பாதீங்க. லீனியர் (ஒரே சீரான விறைப்புள்ள) ஸ்பிரிங்கோட விறைப்பு மாறாது, உயரமும் முன்னழுத்தமும்தான் மாறும்.

மாட்டினதும் ரொம்ப மென்மையான க்ளிக்ல வச்சு தேவகோட்டை ரோட்டுல ஓட்டுங்க. மேடு தாண்டினதும் மூக்கு ஒரே ஆட்டத்துல அடங்கணும். அடங்கலைன்னா ரெண்டு ரெண்டு க்ளிக்கா ஏத்துங்க. பின்னாடி கம்மியாவே ஏத்துங்க, ஆள் ஏறாதப்ப குதிக்கும்.

அதுக்கெல்லாம் முன்னாடி லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கையோட ரப்பர்) ஸ்ட்ரட் மவுண்ட்டையும் (முன் ஷாக்கோட மேல் பிடிமானம்) பாருங்க. இத்தனை வருஷத்து ரப்பர் வெடிச்சிருந்தா எந்த செட் போட்டாலும் தடதடக்கும். மாட்டினப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம். நம்ம செம்மண் தூசி செட்டோட மரையில அடைச்சா ஸ்பேனர் திரும்பாது, அப்பப்ப பிரஷ் போட்டுக்கங்க.