இரண்டு பட்டியல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

2011-ல் நீங்களும் உங்கள் கணவரும் ஒரு வருடம் உலகம் சுற்றியது பற்றி நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வயது 33. சென்னையில் ஐ.டி. வேலை. மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி 4 வருடம் ஆகிறது. வரும் அக்டோபரில் வேலையை விட்டுவிட்டு, பேக்பேக்கை மாட்டிக்கொண்டு 365 நாளில் 32 நாடு போவதாகத் திட்டம் போட்டிருக்கிறேன். ரவுண்ட் தி வேர்ல்டு டிக்கெட் எடுக்கலாம் என்று எண்ணம். கையில் 30 லட்சம் இருக்கிறது. மனைவி சம்மதித்துவிட்டாள். அப்பா அம்மாதான் "குழந்தை பெத்துக்கிட்டு அப்புறம் எங்க வேணா போங்க" என்கிறார்கள். எக்செல் பட்டியலை இணைத்திருக்கிறேன். எங்கே திருத்த வேண்டும்?

க., கடலூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் பட்டியலை இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஊருக்கும் பஸ் கட்டணம், மழை மாதம் வரை குறித்திருக்கிறீர்கள். எத்தனை மாத உழைப்பு என்று தெரிகிறது. ஆனாலும் திருத்தத்தை உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். "மனைவி சம்மதித்துவிட்டாள்."

நானும் சம்மதித்தவள்தான். அவர் வரைபடத்தை விரித்தார், நான் சரி என்றேன். பத்து மாதம் நன்றாகத்தான் போனது.

2011 டிசம்பர் 29 இரவு பெருவில், குஸ்கோவில் இருந்தோம். 3,400 மீட்டர் உயரம். எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மச்சு பிச்சுவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அதே நேரத்தில் இங்கே 30-ம் தேதி விடிந்துகொண்டிருந்தது. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அப்புறம் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் என் அம்மா தனியாக இருந்தார்.

மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்தில் ஒரு டெலிபோன் கடை. காலையில் திறக்கும்போது போய் உட்கார்வேன், மூடும்போது எழுந்து வருவேன். மச்சு பிச்சு டிக்கெட் வீணானது. இரண்டாம் நாள் இரவு அவரைப் பார்த்து நான் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "நான் எப்போ வரேன்னு சொன்னேன்? நீங்க போலாம்னு சொன்னீங்க, நான் சரின்னேன், அவ்வளவுதானே?" அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் ஏமாற்றவில்லை, நான் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் என் கையால் எழுதியது என்று ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் நாள் அம்மாவின் குரல் வந்தது. "கிணத்தடி வேம்பு சாஞ்சிடுச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

அதன் பிறகு குஸ்கோவை விட்டுக் கீழே ஒயாந்தாய்தாம்போ என்ற சின்ன ஊருக்கு இறங்கி, பத்து நாள் எங்கும் நகராமல் இருந்தோம். உருளைக்கிழங்குக்குப் பிறந்த வீடே அந்த மலைத்தொடர்தான். சந்தையில் கறுப்பிலும் ஊதாவிலும் குவித்து வைத்திருப்பார்கள். வாங்கி வந்து அவித்து, மிளகாயும் உப்பும் வைத்துச் சாப்பிட்டோம். மீதி இரண்டு மாதத்தை அங்கே உட்கார்ந்து இருவருமாகத் திட்டமிட்டோம். அந்த வருடத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானவை அந்த இரண்டு மாதங்கள்தான்.

உங்கள் மனைவி கணக்கு டீச்சர் என்கிறீர்கள். பத்தாம் வகுப்பு எடுக்கிறாரா? அக்டோபரில் கிளம்பினால் பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கையில் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டும். அதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா? நீங்கள் கேட்டீர்களா? உங்கள் பட்டியலைக் காட்டாமல், அவரைத் தனியாக ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். எங்கே போக வேண்டும், எங்கே வேண்டாம், எப்போது கிளம்பலாம், எது நடந்தால் திரும்பிவிட வேண்டும். குழந்தை பற்றி உங்கள் அப்பா அம்மா கேட்பதற்கும் அவருடைய பதிலைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். ஸ்டார் அலையன்ஸ் போன்ற விமானக் கூட்டணிகள் தரும் உலகச் சுற்று டிக்கெட்டில் ஒரே திசையில்தான் போக முடியும். 15 இடம் வரை இறங்கலாம், ஒரு வருடத்துக்குள் கிளம்பிய நாட்டுக்கே திரும்ப வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் பட்டியலில் ஐரோப்பா ஜூன் மாதம் வருகிறது, அதாவது ஒன்பதாவது மாதம். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது நீங்கள் அமெரிக்கக் கண்டத்தில் எங்கோ இருப்பீர்கள். நீங்கள் படித்த வழிகாட்டிகளை எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுடைய பாஸ்போர்ட் வேறு.

புதுச்சேரியில் இதை ஒரே தெருவில் பார்க்கலாம். 1962-ல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க 6 மாத அவகாசம் தந்தார்கள். எங்கள் தெருவில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணன் வீடு இன்றும் சொல்தா வீடுதான், அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு. அந்த வீட்டுப் பேரன் நினைத்த மாதத்தில் நினைத்த நாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். தம்பி வீட்டுப் பேரன் வங்கிக் கணக்கு விவரத்தையும் சம்பளச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான். இருவருக்கும் ஒரே கொள்ளுத் தாத்தா. எனக்கு இது இன்னும் வலிக்கிறது. ஆனால் நம் திட்டத்தை நம் பாஸ்போர்ட்டுக்குத் தகுந்த மாதிரிதான் போட வேண்டும்.

அதனால் நான் சொல்வது, ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். பள்ளி முடிந்ததும் மே மாதம் ஐரோப்பா போங்கள். ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது, மீதி இரண்டு மாதத்தைத் துருக்கியிலும் ஜார்ஜியாவிலும் கழிக்கலாம். அக்டோபரில் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வயதானவர்களைக் கடலூரில் தனியாக விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 2011-ல் மட்டும் இல்லை, 2015 வெள்ளத்திலும் உங்கள் மாவட்டம் பட்டது பெரிய பாடு. அந்த மூன்று மாதத்தில் அடுத்த விசாக்களுக்கு விண்ணப்பியுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தென்கிழக்கு ஆசியா. மே முதல் ஜூலை வரை பெரு, மெக்சிகோ. பெருவின் மலைகளில் அப்போது மழை இருக்காது. நான் போன டிசம்பர் அங்கே மழைக்காலம். அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். எல்லாம் சேர்த்துப் பயணம் 12 மாதம்தான், நடுவில் மூன்று மாதம் அம்மா கைச் சாப்பாடு. நாடுகளைப் பன்னிரண்டாகக் குறையுங்கள். 32 நாடு என்றால் ஒரு நாட்டுக்குப் பன்னிரண்டு நாள்கூட முழுதாகத் தேறாது, அதில் பாதி பஸ் நிலையத்திலேயே போய்விடும்.

30 லட்சத்தில் 5 லட்சத்தைத் தொடாதீர்கள். திரும்பி வந்து வேலை கிடைக்கும் வரை அது வேண்டும். விமானம், விசா, காப்பீட்டுக்கு 8 லட்சம் வைத்தால் மீதி 17 லட்சம், இருவருக்கும் ஒரு நாளைக்கு 4,650 ரூபாய். வியட்நாமில் இது தாராளம், பாரிஸில் படுக்கைக்கே போதாது. மிச்சம் பிடித்த நாடு செலவு வைக்கும் நாட்டைத் தாங்கட்டும். பணம் இருவர் கார்டிலும் இருக்க வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்ட ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது, பிறகுதான் கொஞ்சம் தளர்த்தியது. உங்கள் இருவருடையதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். புதுப்பிப்பதாக இருந்தால் 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகம் கேளுங்கள். பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட வேண்டும், ஆயுள் முழுக்கச் செல்லும். பேங்க் ஓ.டி.பி. வரும் சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம், அதில் ரீசார்ஜ் இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறும், ஒவ்வொரு தூதரகத்தின் தளத்திலும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வாருங்கள். 2011 நோட்டுகளை எடுத்து வைக்கிறேன், என் கணவரும் வீட்டில் இருப்பார். உங்கள் மனைவி எழுதும் பட்டியலை அவர் கையாலேயே கொண்டுவரட்டும். அதுவரை நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா