மடத்து அடுக்களையும் புளிக்காய்ச்சலும்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கன்னியர் மடம் ஒன்றில் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் செய்து, மடத்துச் செலவுக்காக விற்கிறார்கள். நானும் வாங்கினேன்; ஆனால் மனம் ஒப்பவில்லை. உலகைத் துறந்தவர்கள் பாட்டிலில் விலை ஒட்டி விற்கலாமா? நன்கொடை கேட்டிருந்தால் மகிழ்ந்து கொடுத்திருப்பேனே.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சங்கடம் நம் மண்ணில் ஊறிய ஓர் எண்ணத்திலிருந்து வருவது. நம் மரபில் சந்நியாசம் ஏற்பவர் அக்கினியையே துறக்கிறார்; அடுப்பு மூட்டாமல் பிச்சை ஏற்றே உண்ண வேண்டும். பௌத்தப் பிக்குகளுக்கும் தாமே சமைத்து உண்பது விலக்கு. அந்தப் பார்வையில் வளர்ந்த நமக்கு, துறவியின் கையில் அகப்பையைக் கண்டால் நெருடத்தான் செய்யும்.

கிறித்தவத் துறவு வேறு வழியில் வளர்ந்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதிய மடத்து விதிநூலின் 48ஆம் அதிகாரத்தில், தம் கைகளின் உழைப்பால் வாழும்போதுதான் அவர்கள் மெய்யான துறவிகள் என்கிறார். 57ஆம் அதிகாரம் விற்பனையைப் பற்றியே பேசுகிறது: விலையில் பேராசை நுழையக் கூடாது, வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே கொடுக்க வேண்டும், தன் கைத்திறனால் செருக்குக் கொள்பவரை அத்தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1878இல் தொடங்கிய சுபியாகோ மடத்தின் துறவிகள், தம் தோட்டத்தில் விளைந்த அபனேரோ மிளகாயில் ‘மாங்க் சாஸ்’ செய்து விற்பதும், மாசசூசெட்ஸின் ஸ்பென்சர் மடத்தார் 1954 முதல் ஜாம் விற்று வருவதும் இந்த வழியில்தான். ஆகவே விற்பனை அவர்கள் துறவுக்குப் புறம்பானது அன்று.

நீங்கள் சொல்லும் மடத்துக்குச் சென்ற மாதம் நானும் போயிருந்தேன். வயதான சகோதரி ஒருவர் புளிக்கரைசலை நல்லெண்ணெயில் கொதிக்கவிட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்த பிறகுதான், வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் தூவி இறக்கினார். நீர் வற்றிப் புளிப்பும் உப்பும் செறிவதால்தான் அது கெடாமல் நிற்கிறது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அவசரப்பட்டு இறக்கினால் சில நாளில் பூசணம் பூத்துவிடும். ஈரம் ஒரு துளி இல்லாதபடி வெயிலில் காய்ந்த பாட்டில்களை அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே நிரப்பச் சொன்னார். அந்தப் பொறுமையை நான் வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க மாட்டேன்.

நன்கொடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் நிற்கும்படி அது எளிதில் ஆகிவிடுகிறது. வாங்குபவரும் விற்பவரும் அப்படி நிற்க வேண்டியதில்லை. அதனால்தான், இரக்கத்துக்காக மட்டும் அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மடத்தின் பெயரைச் சொல்லிக் கடைவிலையைவிட மிகுதியாகக் கேட்டால், அந்த 57ஆம் அதிகாரத்தை நினைவூட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. நான் வாங்கியதில் வெந்தயம் சற்றுத் தூக்கலாக இருந்தது. சொன்னேன், சகோதரி ஒரு விரலில் தொட்டுச் சுவைத்துப் பார்த்து, அடுத்த முறைக்கு அளவைக் குறைக்கும்படி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.