தமிழ்ப் படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சரியாகக் காட்டுகிறார்களா?

குடியாத்தம் பக்கம் என் ஊர். பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் சாரம் சரிந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மற்றதைப் பற்றி அவரவர் சொல்லட்டும், எனக்குச் சக்கர நாற்காலி விஷயம்தான் தெரியும். படத்தில் அதில் உட்கார்ந்தவர் எப்படியும் கிளைமாக்ஸில் எழுந்து நின்றுவிடுவார். மகனை வில்லன் அடிப்பான், அம்மாவின் கால்விரல் அசையும், வயலின் ஏறும், முடிந்தது.

வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வுப் பிரிவில் மூன்று மாதம் இருந்தேன். "நடப்பேனாக்கா?" என்று கேட்டதற்குப் பயிற்சி கொடுத்த அக்கா, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு, "மொதல்ல இதுல நகரு" என்றார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும், உணர்வு இல்லாததால் வந்ததே தெரியாது. சிறுநீர்க் குழாயை நானே போட்டு எடுக்கப் பழகினேன். இதில் ஒன்றையாவது படத்தில் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வருவது ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடக்கும் அகல நாற்காலி, மடியில் சால்வை, பின்னால் தள்ள எப்போதும் ஓர் ஆள். என் கால்கள் மெலிந்துவிட்டன, சில நேரம் தானாக வெட்டி இழுக்கும். செருப்பு வாங்கி நாலு வருஷம், அடிப்பாகம் இன்னும் புதுசு.

இன்னொன்று, நோயைத் தண்டனையாகக் காட்டுவது. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் ஆட்டம் போட்டவனுக்குத் தொழுநோய் வரும். எம்.ஆர். ராதாவைக் குறை சொல்ல நான் யார், எங்க அப்பாவுக்கு அதன் வசனம் மனப்பாடம். ஆனால் அந்தச் சமயத்தில் இங்கே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதே 1954இல் டாக்டர் மேரி வர்கீஸ் சாலை விபத்தில் என்னைப் போலவே தண்டுவடம் அடிபட்டு, பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததற்கு அவர்தான் காரணம். அவர் கதையில் கால்விரல் அசைகிற காட்சி கிடையாது.

கிண்டலே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில், குறைபாட்டை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. பனைமரத்திலிருந்து விழுந்தவர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். நான் பலகையிலிருந்து சரிந்து தரையில் கிடந்தபோது, "சாரத்துல இருந்து உழுந்தவனுக்கு இதெல்லாம் ஒரு ஒசரமாடா" என்றார். வார்டே சிரித்தது. இப்படி எழுத நம் வசனகர்த்தாக்களுக்கு ஏன் வரவில்லை?

சரி, பார்ப்பது எப்படி? எங்கள் தெருவில் காது கேளாத பெண் ஒருத்தி ஓடிடியில் படம் பார்க்கிறாள். பல தமிழ்ப் படங்களுக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது, தமிழ் எழுத்து இல்லை. தமிழ் வழியில் படித்தவள் அவள்.

எனக்குத் தியேட்டர்தான் பிடிக்கும். பொங்கலுக்குத் தம்பியோடு போனேன். வாசலில் சாய்தளம் பளபளவென்று இருக்கிறது, டிக்கெட் கிழிக்கிற இடம் தாண்டினால் பன்னிரண்டு படி. முன்பின் தெரியாத நாலு பையன்கள் "கெட்டியா புடிச்சிக்கோங்கண்ணா" என்று நாற்காலியோடு தூக்கி, முதல் வரிசை ஓரத்தில் வைத்தார்கள். அண்ணாந்தே பார்த்துக் கழுத்து விட்டுப்போனது. அன்றைய படத்திலும் கதாநாயகியின் அப்பா கடைசியில் எழுந்து நின்றார், ஒரே விசில். படம் விட்டதும் தம்பி அந்தப் பையன்களைத் தேடி வெளியே ஓடினான், அவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். அடுத்த காட்சிக்கு ஆள் வரும்வரை திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன், கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கிக்கொண்டு.