கணக்கு வேறு, நன்றி வேறு

வணக்கம் அண்ணா,

சேலம் கன்னங்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். வயது 43. வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். ஓட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்த ஜனவரியில் ஓட ஆரம்பித்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று குறிக்கோள் எழுதினேன். வருஷத்துக்கு 1000 கிலோமீட்டர். 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது. டிசம்பருக்குள் ஒரு தடவை அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏரி வரை ஓடி ஏறுவது.

இன்று டிசம்பர் 28, 2025. மொத்தம் 760 கிலோமீட்டர். 10 கிலோமீட்டருக்கு 1 மணி 4 நிமிடம் (மார்ச்சில் முதல் முறை ஓடியபோது 1 மணி 21). மலைக்குப் போகவே இல்லை. ஏப்ரல் வரை வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு என்பதால் 30 ஆக்கினேன். மாதக் கடைசியில் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறின மாதிரி இருக்கும். ஒன்பது வாரம் ஓடவில்லை.

வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. அதனால் மாமியார்தான் 4.45க்கு எழுந்து கேட்டைத் திறந்துவிடுவார். நான் ஏரிக்கரையைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். சத்தத்தில் பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது என்று கேட் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தார் என்பதே எனக்கு அக்டோபரில்தான் தெரியும். அது கிடக்கட்டும்.

என் கேள்வி இதுதான். ஆபீஸில் ஒருவர், "கிடைச்சதுக்கு நன்றி சொல்லுங்க, அது போதும்" என்கிறார். தோற்றவர்கள் தேடிக்கொள்ளும் ஆறுதல் மாதிரி எனக்கு அது படுகிறது. மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. நன்றி சொல்ல மனசு இருக்கிறது, ஆனால் சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. 760ஐ 1000 மாதிரி காட்டுவதற்காகச் சொல்கிற நன்றி பொய்தான். அப்படிச் சொல்லாதீர்கள். 760 என்று எழுதி, கீழே கோடு போட்டு, கணக்கை முடியுங்கள். நன்றியை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம். கணக்கு வேறு, நன்றி வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1000 கிலோமீட்டர் என்றால் 52 வாரத்துக்கு, வாரம் 19க்குக் கொஞ்சம் மேல். நீங்கள் ஓடியது 43 வாரம். 760ஐ 43ஆல் வகுத்தால் 17.7 வருகிறது. அதாவது குதிகால் வலி வராமல் இதே சராசரியில் போயிருந்தால் 920 பக்கம் வந்திருக்கும். ஆகவே பழி முழுவதையும் குதிகால்மேல் போட முடியாது. அதே சமயம், ஜனவரியில் ஒன்றுமே இல்லாமல் தொடங்கிய வாரங்களும் இந்தச் சராசரிக்குள் இருக்கின்றன. அடுத்த வருஷத்துக்கும் 1000 என்றே எழுதுங்கள், குறைக்க வேண்டாம்.

மே மாதம் நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக ஓடுகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே இதயமும் மூச்சும் பழகிவிடும். உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த நாரும், கெண்டைக்காலைக் குதிகாலோடு சேர்க்கும் நாரும், எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் தூரத்தைக் கூட்டுவோம். பாதத்துக்கு அது தெரியாது. வாரம் 20லிருந்து ஒரே தாவில் 30 என்பது உங்கள் மூச்சுக்குச் சுலபம், உங்கள் குதிகாலுக்கு அதிகம். இனிமேல் வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குவதை வலி போன பிறகும் விடாதீர்கள். வலி திரும்பினால் நாள் தள்ளாமல் பிசியோவைப் பாருங்கள்.

1 மணி 4 நிமிடம் என்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒன்பது மாதத்தில் 17 நிமிடம் குறைந்திருக்கிறது. இன்னும் கிலோமீட்டருக்கு 24 விநாடி வேண்டும். வாரத்தில் பெரும்பாலான ஓட்டத்தைப் பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில் வைத்து, ஒரு நாள் மட்டும் வேகம் பிடியுங்கள். வரும்.

சரி, இனி நன்றி.

"செய்ந்நன்றி அறிதல்" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதில் நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. நாம் இன்றைக்கு 'தேங்க்ஸ்' என்ற பொருளில் சொல்கிற நன்றி அது இல்லை. நன்மை அவர் செய்தது. நம் பங்குக்கு இருப்பது 'அறிதல்' என்ற ஒரு சொல்தான். யார் செய்தார், எப்போது செய்தார், அதற்கு அவருக்கு என்ன செலவானது என்று தெரிந்துகொள்வது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஏனென்றால் அறிவதற்கு நாம் ஜெயித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1000 ஓடியிருந்தாலும் அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டது உங்கள் மாமியார்தான். 760 ஓடியபோதும் அவர்தான்.

அதை எழுதிவிட்டு "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து, வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மருமகள் ஏரிக்கரையில் இருந்து பத்திரமாகத் திரும்புகிறாளா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். அவருடைய கணக்கில் எத்தனை காலைகள்? உங்கள் நோட்டில் கிலோமீட்டர் இருக்கிறது, அது இல்லை.

ஏரியும் அப்படித்தான். நீங்கள் சுற்றுவது மூக்கனேரி என்று நினைக்கிறேன். 2010க்கு முன்னால் அது இருந்த நிலையை நான் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர் வாரி, வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று நீங்கள் ஓடும்போது அந்தத் திட்டுகளில் இருந்து பறவைச் சத்தம் கேட்கிறதே, அந்த மரங்கள் அவை. நட்டவர்களில் முக்கால்வாசிப் பேரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் வருஷத்தைப் பற்றியும் சொல்கிறேன். எனக்கும் ஏற்காடு மலை ஒரு குறிக்கோளாக இருந்தது. எங்கேயும் நடக்காமல் ஏரி வரை ஓடியே ஏறுவது. 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். சனி ஞாயிறில் வண்டிக் கூட்டம் என்பதால் ஏப்ரலில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் அடிவாரத்தில் இருந்து கிளம்பினேன்.

முந்தைய டிசம்பரில்தான் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. கீழ் வளைவுகளில் ஏறும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். சேற்றையும் பாறையையும் அள்ளிப் போட்டு வழி விட்டவர்கள் யாரோ. அந்த வழியில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. மழை பெய்து ஒரு பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு திருப்பத்தில் மல்லிகை வாசம் மாதிரி வந்தது. மல்லிகைக்கு அங்கே என்ன வேலை என்று பார்த்தால், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடிகள் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்து நின்றன. காப்பிப் பூ அப்படித்தான், கோடை மழை விழுந்ததும் தோட்டம் மொத்தமும் ஒன்றாகப் பூத்து இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர். அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. இருநூறு வருஷமாகக் குழி வெட்டி, நட்டு, பழம் பறித்தவர்கள் பெயர் தெரியவில்லை. எனக்கு அது அன்றைக்கு வெறும் யோசனையாகத்தான் இருந்தது.

பதினாறாவது வளைவு தாண்டியதும் வலது கெண்டைக்காலில் குரக்களி பிடித்தது. தசை உருண்டையாக மேலே ஏறிக்கொண்டது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கட்டை விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எஸ்டேட் வேலைக்கு ஜீப்புக்காக நான்கு பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். அதில் வயதான அம்மா ஒருவர் கிட்டே வந்து, "கால் இழுத்துக்கிச்சா தம்பி?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் தூக்குப்போசியைத் திறந்து, மூடியில் நீராகாரம் ஊற்றி நீட்டினார். உப்பு தூக்கலாக இருந்தது. நறுக்கிப் போட்ட சின்ன வெங்காயம் நாலு துண்டு மிதந்தது. மூடியின் விளிம்பில் ஓர் இடத்தில் நெளிவு இருந்தது, அது உதட்டில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மூடி குடித்தேன், அவர் இன்னொரு மூடி ஊற்றினார். அதையும் குடித்தேன். ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

மீதி தூரத்தை நடந்துதான் ஏறினேன். இரண்டு வளைவு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது அவருடைய காலைச் சாப்பாடு. எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ வேலைக்கு நடுவில் உட்கார்ந்து குடிக்க வைத்திருந்தது. அதில் பாதியை நான் குடித்துவிட்டேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நோட்டில் அன்றைக்கு "ஓடி ஏறவில்லை" என்று எழுதினேன். அது அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் "நீராகாரம், இரண்டு மூடி, பதினாறாவது வளைவுக்கு மேல், பெயர் தெரியாது" என்று எழுதினேன். முதல் வரியைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு கொஞ்சம் வலிக்கிறது. வலிக்கட்டும், அந்த வலிதான் என்னை மறுபடி மலைக்குக் கூப்பிடுகிறது. இரண்டாவது வரி முதல் வரியைக் கொஞ்சமும் மாற்றவில்லை, மாற்றுவதற்காக நான் எழுதவும் இல்லை. உங்கள் ஆபீஸ் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் "அது போதும்" என்கிறாரே, அங்கேதான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. குறிக்கோளும் வேண்டும், இதுவும் வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு தடவையும் அக்டோபரில் ஒரு தடவையும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்றேன். வேறு ஆட்கள் நின்றிருந்தார்கள். அடையாளம் சொல்லிக் கேட்டேன், தெரியவில்லை என்றார்கள். ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம், நிறையப் பேர் வேலைக்கு ஏறுவார்கள். பொங்கல் முடிந்ததும் மறுபடி போகிறேன்.

நீங்களும் வாருங்கள். முழு மலையும் ஒரே நாளில் வேண்டாம். முதலில் ஐந்தாவது வளைவு வரை ஏறி இறங்குங்கள், அடுத்த மாதம் பத்து வரை. ஏறுவதைவிட இறங்கும்போது கவனம். தொடை முன்தசை உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருப்பதால் இரண்டு நாள் கழித்துப் படி இறங்க முடியாமல் வலிக்கும். தனியாகப் போகாதீர்கள். எதிரே வருகிற வண்டி தெரியும்படி வலது ஓரமாகவே ஓடுங்கள். வளைவுகளில் மட்டும் நிதானம், சில இடங்களில் காட்டெருமையும் குறுக்கே வரும். நான் போகிற நாளைச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு அன்று லீவு கிடைத்தால் மாமியாரையும் வண்டியில் அழைத்துக்கொண்டு பின்னால் வரட்டும். பூ இருக்காது, பழம் சிவப்பாகத் தொங்கும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தத் தாழ்ப்பாளுக்கு அவர் முதன்முதலில் எண்ணெய் விட்டது எந்த மாதம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.